கேட் கம்ப்யூட்டரின் இருபத்தைந்து நிமிடம்

நான் செய்ததிலேயே பிசகில்லாத வேலை எது என்று கேட்டால், ஒரு கம்ப்யூட்டரின் கடிகாரத்தைச் சரிசெய்ததைத்தான் சொல்ல வேண்டும். அதனால் மறுநாள் பதினோரு பெண்கள் வந்த வழியே திரும்பிப் போனார்கள். ஒரு மனிதருக்கு வேலையே போனது. 

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. எம்.கே.பி. நகரிலிருந்து ராயபுரத்தில் இருந்த ஓர் ஏற்றுமதி கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தேன். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கம்பெனியின் கிடங்கு திருவொற்றியூரைத் தாண்டி இருந்தது. அங்கே பெண்கள் மிளகாயும் மஞ்சளும் பொட்டலம் கட்டுவார்கள், அது கன்டெய்னரில் ஏறித் துறைமுகத்துக்குப் போகும். கிடங்கு கேட்டில் ஒரு கம்ப்யூட்டர். வேலைக்கு வருகிறவர்கள் அதில் அட்டையைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எட்டு மணிக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் மெஷின் அட்டையை ஏற்காது, அன்றைக்கு வேலை கிடையாது. மாதத்தில் மூன்று தடவை அப்படி ஆனால் பெயரையே அடித்துவிடுவார்கள். இந்தச் சட்டம் எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வருடம் நான் அடம்பிடித்து ஒரு கண்காணிப்பு சாஃப்ட்வேர் வாங்க வைத்திருந்தேன். ராயபுரத்தில் இருந்தபடியே எல்லாக் கம்ப்யூட்டர்களுக்குள்ளும் அது அடிக்கடி லாகின் செய்து பார்க்கும். நுழைய முடிந்தால் என் திரையில் பச்சை, முடியாவிட்டால் சிவப்பு. கேட் கம்ப்யூட்டர் மட்டும் தினமும் காலை ஏழரைக்குச் சிவப்பாகும், ஒன்பது மணிக்குத் தானாகப் பச்சையாகிவிடும். மேனேஜர் என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இதுக்குப் பதிலா ஒரு சீரியல் லைட் வாங்கி மாட்டியிருக்கலாமேம்மா" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

பாஸ்வேர்டு தப்போ என்று இரண்டு முறை மாற்றினேன். ஃபயர்வால் தடுக்கிறதோ என்று அதை அணைத்துப் பார்த்தேன். கேபிளை மாற்றச் சொன்னேன். எதற்கும் அது மசியவில்லை. காலை ஏழரைக்கு 'அனுமதி இல்லை' என்று முகத்தில் அறையும். கேட்டில் இருந்த கிளார்க்குக்கு ஃபோன் போட்டு உயிரை எடுத்தேன். அவர் ஐம்பதைத் தாண்டியவர், ராயபுரத்துக்காரர், ஞாயிறு பூசைக்குத் தவறாத கிறிஸ்தவர். எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். "மெஷினு நல்லா கீதும்மா. நீ நாஷ்டா துன்ட்டியா?"

இவர்தான் ஒயரைப் பிடுங்கிவைத்து விளையாடுகிறார் என்று முடிவுகட்டினேன். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஒருநாள் காலையில் நேராகக் கிடங்குக்குக் கிளம்பினேன்.

பஸ் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நின்றது நின்றதுதான். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாகக் கண்ணுக்கெட்டியவரை நின்றன. அவற்றில் எங்கள் கம்பெனி வண்டிகளும் இருந்தன. கரித்தூளும் டீசல் புகையும் மூஞ்சியெல்லாம். கடைசியில் இறங்கி நடந்தேன். கேட்டுக்குப் போனபோது என் கைக்கடிகாரத்தில் எட்டு பதினைந்து. எனக்கு முன்னால் காத்திவாக்கம் பக்கத்திலிருந்து வருகிற பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த அவர்களுடைய பஸ்ஸும் ஜாமில் மாட்டி, அவர்களும் நடந்தே வந்திருந்தார்கள். மளமளவென்று அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

கம்ப்யூட்டரின் மூலையில் மணி ஏழு ஐம்பது என்று இருந்தது.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் சர்வரின் கடிகாரத்துக்கும் ஒரு கம்ப்யூட்டரின் கடிகாரத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் லாகின் நடக்காது. படித்திருந்தேன், மறந்துபோயிருந்தேன். பேட்டரி போய்விட்டது போல என்று நினைத்துப் பதிவுகளைத் திறந்தேன். பேட்டரி இல்லை. தினமும் ஏழரைக்கு யாரோ கையால் இருபத்தைந்து நிமிடம் பின்னால் தள்ளி, ஒன்பது மணிக்கு மறுபடி சரியாக்கியிருந்தார்கள். அந்த யாரோ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஏண்ணே டைமை மாத்துறீங்க?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாத்துலம்மா வந்தே?" என்று கேட்டார்.

"பஸ்ல."

"ரோடு எப்டி கீது?"

"ஒரே ஜாம். இறங்கி நடந்து வந்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் புரிந்துகொள்வேன் என்று காத்திருந்திருக்கிறார். வாய்விட்டுச் சொன்னால் தலைமை ஆபீஸ் ஆளிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும், அவர் எப்படிச் சொல்வார். நானோ விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தேன். சர்வரிடமிருந்து தானாக நேரம் எடுத்துக்கொள்ளும்படி வைத்தேன், இனி கடிகாரத்தை மாற்றும் உரிமை அவருக்கு இல்லை என்று அடைத்தேன்.

"காலீல ஒரு மணி நேரம் மட்டும் அத்த வுட்டுடேம்மா" என்றார்.

"அதெல்லாம் முடியாதுண்ணே" என்றேன்.

சாயங்காலம் மேனேஜருக்கு அறிக்கை எழுதினேன். சும்மா எழுதவில்லை. கடிகாரம் மாறிய நேரங்கள், மாற்றியவரின் லாகின் பெயர், அந்தப் பதிவை எப்படித் திறந்து படிப்பது, எல்லாவற்றையும் அச்செடுத்து இணைத்தேன். சீரியல் லைட் என்று சொன்னவருக்குக் காட்ட வேண்டாமா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் ஏழரைக்குப் பச்சை. எட்டுக்கும் பச்சை. எட்டேகாலுக்கு நுழைந்து பார்த்தேன், ஜோராகத் திறந்தது. அப்படியே வருகைப் பட்டியலைப் பார்த்தேன்.

எட்டு நாலு, ஏற்கப்படவில்லை. எட்டு ஏழு, ஏற்கப்படவில்லை. எட்டு பதினொன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வரி சேர்ந்தது. அதே அட்டை எண் நான்கு தடவை வந்தது. யாரோ மெஷின் மேல் நம்பிக்கை போகாமல் திரும்பத் திரும்பத் தேய்க்கிறாள்.  நேற்று அந்தச் சாலையில் நான்தானே நடந்தேன். அந்தப் பெண்கள் என் முன்னால்தானே ஓடினார்கள். கண் இருந்தும் குருடாக இருந்திருக்கிறேன்.

கேட்டுக்கு ஃபோன் செய்தேன். பின்னால் பெண்களின் சத்தம் கேட்டது. "அண்ணே" என்றேன்.

"மெஷினு நல்லா கீதும்மா" என்றார் அவர். நாஷ்டா பற்றிக் கேட்கவில்லை.

மேனேஜரிடம் ஓடினேன். என் அறிக்கை அவர் மேஜைமேல் இருந்தது, அந்த லாகின் பெயரைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம். "வெரி குட்மா, எத்தனை நாளா நம்மளை ஏமாத்தியிருக்கான் பாரு" என்றார். சாலையை மறித்து நிற்பதே நம் வண்டிகள்தான், அவர்கள் என்ன செய்வார்கள் என்றேன். பேட்டரியும் கொஞ்சம் வீக்காக இருந்தது சார் என்று பொய்கூடச் சொன்னேன். அவர் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். 'பேட்டரியில் குறை இல்லை' என்று நானே எழுதியிருந்தேன். அன்று மாலையே கிளார்க்கை நிறுத்திவிட்டார்கள். பழைய மாதிரி மாற்றிவைத்துவிடலாம் என்று பார்த்தால், மேனேஜர் தினமும் அந்தப் பதிவைத் திறந்து படிக்கத் தொடங்கியிருந்தார். சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

அடுத்த வாரம் புது கிளார்க்குக்கு லாகின் போட்டுத்தரக் கிடங்குக்குப் போனேன். மூடிய கேட்டுக்கு வெளியே நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு அது மூன்றாவது தடவை. என் கையிலிருந்த கம்ப்யூட்டர் பையைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"கடியாரத்த சரி பண்ண பொண்ணு நீதானா?"

"ஆமாக்கா" என்றேன்.

அவள் திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீ இப்ப எத்தினி மணிக்கு வந்தே?"

கையைத் திருப்பிப் பார்த்தேன். எட்டு இருபது. நானும் அதே ஜாமில்தான் மாட்டியிருந்தேன். பதில் சொல்வதற்குள் வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "வாங்க மேடம்" என்று கேட்டைத் திறந்தார். நான் உள்ளே போனேன், அவர் மறுபடி கேட்டை மூடினார்.