திங்கள், வெள்ளி மட்டும் தைரியசாலி

எண்பதுகளின் நடுவில், குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் எனக்கு மூன்றாம் வகுப்பைக் கொடுத்தார்கள். பிள்ளைகளிடம் எனக்குப் பயமில்லை. அதிகாரிகளிடம்தான் பயம். சட்டைப் பையில் பேனா செருகியவர் யார் வந்தாலும், அவர் உரக்கடைக்காரராகவே இருக்கட்டும், என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

முதல் ஆய்வில் நான் அடித்த கூத்தை என்னவென்று சொல்ல! பள்ளி இன்ஸ்பெக்டர் வருகைப் பதிவேட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். மூன்றாவது பெயருக்குரிய பிள்ளை அன்றைக்கு வரவில்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நான் கையைக் கட்டி விறைத்து நின்று, "உள்ளேன் ஐயா" என்றேன். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"அடுத்த தடவையும் இப்படின்னா, வேலைய நிரந்தரம் பண்ண நான் எழுத மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுடையது அப்பா இல்லாத வீடு. என் சம்பளத்தில்தான் அம்மாவுக்கும் எனக்கும் உலை கொதித்தது.

அம்மா என்னைச் சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். அங்கே மாவிளக்கு போட வேண்டுமென்றால், ஊறவைத்த அரிசியைக் கோயிலிலேயே உரலில் இடிக்க வேண்டும். நான் இடித்த வேகத்தில் பக்கத்து உரல்காரி நாலடி தள்ளிப் போய் நின்றாள். "ஆத்தா, இந்தப் பாழாப்போன பயத்த எடுத்துக்க" என்று வேண்டிக்கொண்டேன். திரும்பும்போது கண்டக்டர் எங்களை முந்தின நிறுத்தத்திலேயே இறக்கிவிடப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஆத்தா வந்துவிட்டாள் என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்று வெள்ளிக்கிழமை.

அங்கேதான் என் புத்தி கோணிக்கொண்டது. அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். மற்ற நாளெல்லாம் ஆத்தா மலைக்குப் போய்விடுவாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்படியென்றால் என் தைரியமும் அவளோடு மலையேறிவிடும்தானே! திங்களன்று தலைமையாசிரியரிடம் சண்டை போட்டு ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்குவேன். செவ்வாயன்று மன்னிப்புக் கேட்டு அதே பெட்டியைத் திருப்பிக் கொடுப்பேன். பிள்ளைகள் மட்டும் லேசுப்பட்டவர்களா? இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். வீட்டுப்பாடம் அந்த இரண்டு நாள் மட்டும்தான் வந்தது.

அடுத்த ஆய்வு திங்கட்கிழமை என்று தகவல் வந்தது. அப்பாடா என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் அதற்கு முந்தின புதன்கிழமையே ஜீப் வந்து நின்றது.

ஓடிப்போய்ச் சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். சமையல்காரம்மா சாம்பாரைக் கிண்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்னா டீச்சர், இங்க வந்து ஒளிஞ்சிருக்கீங்க?"

"இன்னைக்குப் புதங்கெழமைங்க. ஆத்தா இல்ல."

"அப்ப முந்தாநேத்து சாக்பீசுக்குக் கத்துனது ஆத்தாவா? உங்க தொண்டை மாதிரில்ல கேட்டுச்சு!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். முழங்கால் கடகடவென்று ஆடியது. வாய் வறண்டது. ஆனால் எனக்குள்ளே ஒருத்தி உட்கார்ந்து இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆடவில்லை. முழங்காலைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. யாரடி நீ என்று கேட்டேன். வேறு யார், நான்தான். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கத்தியவளும் அவள்தான். இத்தனை நாள் ஆத்தாவுக்கே டைம்டேபிள் போட்டுக் கொடுத்த என் கொழுப்பை என்ன சொல்வது!

புடவையைத் தட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழித்தல் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதினேன். எண்களுக்குக் கீழே போட்ட கோடு பாம்பாக நெளிந்தது.

"ஏம்மா, கை இப்படி ஆடுது?"

"பயமா இருக்குங்கய்யா. அது பாட்டுக்கு ஆடட்டும். கணக்கு சரியாத்தான் இருக்கு, பாத்துக்குங்க."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் கணக்கைச் சரிபார்த்தார். பிள்ளைகளைக் கேள்வி கேட்டார். பதில்கள் வந்தன. அரைமணி நேரம் நான் பாடம் நடத்தினேன், அரைமணி நேரமும் முழங்கால் ஆடியது.

பாடம் முடிந்ததும் அவர் என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"திங்கக்கெழம திருச்சில மீட்டிங்மா. அதான் முன்னாடியே வந்துட்டேன். மேலதிகாரிங்க முன்னாடி நான் எந்திரிச்சுப் பேசணும். மூணு நாளா சோறு எறங்கல. பயத்த வச்சுக்கிட்டே எப்படிம்மா நின்னீங்க?"

அட, இந்த மனுஷனுக்கா நான் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தேன்!

"ஆடுறத நிறுத்தப் பாக்காதீங்கய்யா. ஆடட்டும்னு சும்மா பாருங்க. பாக்குறவரு ஆட மாட்டாரு."

அவர் பேனாவை எடுத்தார். ஆய்வுப் பதிவேட்டை மடியில் வைத்து, என் வேலையை நிரந்தரம் செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைப் படித்ததும் அங்கேயே பொலபொலவென்று அழுதுவிட்டேன்.

"பயம் போயிடுச்சாடி?" என்று சாயங்காலம் அம்மா ஆசையாகக் கேட்டாள்.

எங்கே போகும்? அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனிடம் உத்தரவு கேட்பதைத்தான் நான் விட்டுவிட்டேன்.