தொடாத டம்ளர்

சாரம் பகுதியில் ஒரு வீட்டுக்கு என் மகனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண் காப்பித் தட்டோடு வந்தாள். சிக்கரி வாசனை அடித்ததும் எங்கள் முத்தியால்பேட்டை வீடு ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எனக்கு எட்டு வயசு. அக்காவைப் பெண் பார்க்க வந்தவன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம்மூர்க்காரன். அவன் அம்மா காப்பியைத் தொடவே இல்லை; அவளைப் பார்த்துக் கூட வந்தவர்களும் தொடவில்லை. தொடாவிட்டால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். "காப்பி ஆறிப்போச்சி" என்று எழுந்துகொண்டாள். அவர்கள் போனதும் அப்பா அக்காவிடம் கத்தினார்.

"மூஞ்சியப் பாரு! பால வீணாக்காத. எல்லாத்தையும் நீயே குடி."

கட்டிய பட்டுப்புடவையோடு நின்றபடியே, ஒவ்வொரு டம்ளராக அக்கா குடித்து முடித்தாள்.

இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே அக்கா, இந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். ஆவி பறந்துகொண்டிருந்த டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"காப்பி ஆறிப்போச்சி" என்றாள்.