அம்மாவின் வயிற்றில் நடந்ததாகச் சொல்லப்படும் ஆபரேஷன்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு முறைதான் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் போய்ப் பிரமாணம் பண்ணும் அளவுக்குச் சண்டை முற்றியது. வரப்புத் தகராறு இல்லை, நகை எதுவும் காணாமல் போகவில்லை. அம்மாவுக்குத் திருப்பதியில் ஆபரேஷன் நடந்ததா இல்லையா என்பதுதான் வழக்கு. நடந்தது என்பது அம்மாவின் கட்சி. நடக்கவே இல்லை என்பது அத்தையின் கட்சி. என் அப்பா, அதாவது நைனா, ஆள் வரும் திசையைப் பார்த்து இரண்டு கட்சியிலும் இருந்தார்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் வீடு சித்தூர் ஜில்லாவில் குடிபாலாவுக்குப் பக்கம். அம்மாவுக்கு மாதத்தில் பாதி நாள் உதிரம் போய்க்கொண்டே இருந்தது. வேர்க்கடலை பிடுங்கப் போனால் பாதி வரப்பில் உட்கார்ந்துவிடுவாள். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் வயிற்றில் ஒரு கட்டி இருக்கிறது என்பது மட்டும்தான்.

அத்தை என்றால் நைனாவின் அக்கா. வெதுருகுப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு மாமாவும் ஒரு தக்காளித் தோட்டமும் உண்டு, பிள்ளை இல்லை. தாயில்லாத நைனாவை அவள்தான் குளிப்பாட்டிச் சோறூட்டி ஆளாக்கியவள் என்பதால், அவள் வாய் திறந்தால் எங்கள் வீட்டில் அது கோர்ட்டு உத்தரவு. அம்மாவின் விஷயத்தில் உத்தரவு உடனே வந்தது.

"சித்தூருக்கு இட்டுக்கினு போய் பைய எடுத்துடு தம்பி. தொல்ல வுட்டுது. ஒரு புள்ள கீது இல்ல, போதும்."

பை என்றால் கர்ப்பப்பை. எங்கள் பக்கத்தில் வயிற்று வலி என்று போய் அதை எடுத்துக்கொண்டு வந்த பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். அத்தையும் அதில் ஒருத்தி. அந்த ஒரு பிள்ளை நான்தான் என்பதால் உத்தரவில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு இன்னொரு பிள்ளை வேண்டும். அதை நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல், யாரையோ விசாரித்து, நைனாவைக் கிளப்பிக்கொண்டு திருப்பதியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். பையைத் தொட வேண்டாம், வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, கட்டியை மட்டும் எடுத்துவிடலாம் என்று அந்த டாக்டரம்மா சொன்னதாம். அன்று மாலை அம்மா தோசை சுட்டுக்கொண்டே சிரித்தாள். கல்லைப் பார்த்துச் சிரிக்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அத்தை நம்பவில்லை. ஆனாலும் கடமை என்று ஒன்று உண்டு அல்லவா? ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும் தக்காளியை மாமாவின் தலையில் கட்டிவிட்டு, பூண்டு, சுக்கு, கருவாடு, வயிற்றில் கட்டிக்கொள்ளப் பழைய வேட்டி என்று இரண்டு பை நிறையக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். வயிற்றைக் கிழித்தவள் மூன்று மாதம் கட்டிலை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது அவள் சட்டம். அம்மா திரும்பி வரும் நாளில் பஸ் நிறுத்தத்தில் பக்கத்து வீட்டு அண்ணன்கள் இரண்டு பேரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு நிறுத்தி வைத்திருந்தாள். அதில் உட்கார வைத்துத் தூக்கி வருவதாக ஏற்பாடு. நானும் போயிருந்தேன்.

பஸ் வந்தது. முதலில் இறங்கியது ஒரு மொட்டைத் தலை. அது நைனா. அம்மாவுக்கு நல்லபடியாக முடிந்தால் முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டு, அவள் வார்டில் படுத்திருந்தபோது மலைக்கு ஓடிப்போய் வேண்டுதலைத் தீர்த்திருக்கிறார். கையில் லட்டுப் பை. பின்னாலேயே, தலையில் மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து, ஒரு படி, இன்னொரு படி என்று அம்மா தன் காலாலேயே இறங்கினாள். போன நாலாம் நாளில்! நாற்காலி அண்ணன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் அதைத் தன் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடந்தார்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அத்தை மொட்டையைப் பார்த்தாள், லட்டைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள்.

"இன்னாடா இது? ஆப்ரேசன் பண்ணிக்கினு வந்தவ மாதிரியா கீறா? பெருமாள சேவிச்சிட்டு வந்துகீறீங்க. அத சொல்லிட்டே போறதுக்கு இன்னா?"

மறுநாளிலிருந்து ஊர் திரண்டு வந்தது. ஆபரேஷன் ஆனவர்களைப் பார்க்கப் போனால் பிரெட்டும் சாத்துக்குடியும் வாங்கிப் போவது எங்கள் பக்கத்து மரியாதை. வந்தவர்களுக்கு அம்மாவே எழுந்து டீ போட்டுக் கொடுத்தாள். பாதிப் பேருக்கு ஏமாற்றம். பிரெட்டைக் கொடுப்பதா, திரும்ப எடுத்துப் போவதா என்று புரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "ஏமி லேதே!" என்று தெலுங்குக்கார டீச்சரம்மா ஒருத்தி வாய்விட்டே சொல்லிவிட்டாள். ஒன்றுமே இல்லையே என்கிற அந்தக் குறையில் அவள் முகமே வாடிவிட்டது. ஆபரேஷன் நடந்ததோ இல்லையோ, நான் கிடைத்த பிரெட்டைத் தின்றுகொண்டிருந்தேன்.

வயிற்றைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அம்மா மறுத்துவிட்டாள். "என்ன நம்பாதவங்களுக்கு நான் ஏன் துணிய தூக்கி காட்டணும்?" என்று சமையலறையில் நைனாவிடம் சீறினாள். ரத்தம் ஏற ஏற அம்மாவுக்கு ரோஷமும் ஏறிக்கொண்டிருந்தது.

நைனாவிடம் ஒரு பலமான சாட்சி இருந்தது. உள்ளே கேமரா விட்டு எடுத்த படத்தை ஆஸ்பத்திரியில் சி.டி. போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு டி.வி.யில் போட்டோம். தெருவே உட்கார்ந்து பார்த்தது. சிவப்பாக, பளபளவென்று என்னென்னவோ நெளிந்தது. கத்தரிக்கோல் மாதிரி ஒன்று வந்து எதையோ கடித்தது. நாற்காலி அண்ணன்களில் பெரியவர் மயங்கிச் சாய்ந்தார். அவருக்குத் தண்ணீர் தெளித்து முடிக்கும்வரை அத்தை கண் இமைக்காமல் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இது இவ வயிறுதான்னு எங்க எழுதிக்கீது?"

நைனா சி.டி.யை வெளியே எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அத்தை தீர்ப்பு சொன்னாள். ஏதோ ஊசியைப் போட்டு ஏமாற்றி அனுப்பியிருக்கிறார்கள், கட்டி உள்ளேயேதான் இருக்கிறது, தம்பி பெண்டாட்டி சாவதை அவளால் பார்க்க முடியாது. "காணிப்பாக்கத்துல வந்து பிரமாணம் பண்ணட்டும். பண்ணலன்னா அப்டியே சித்தூர்ல இறங்கி பைய எடுத்துடலாம். நான் சொல்லிட்டேன்." நைனா அம்மாவைப் பார்க்காமல் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில்தான் அம்மா முதல் முறையாகப் பயந்தாள். என் கையை வலிக்கும்படி பிடித்துக்கொண்டாள்.

"வரேன் அண்ணி," என்றாள். "டாக்டரம்மா தலைக்கு ஊத்திக்கலாம்னு சொன்னதும் வரேன்."

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய் சொல்லித் தப்பித்தவர்கள் இல்லை என்பது எங்கள் ஜில்லா முழுக்கத் தெரியும். பெரிய பெரிய மனிதர்களே அந்தப் பேரைக் கேட்டதும் பஞ்சாயத்தில் இறங்கி வந்துவிடுவார்கள். அதனால் ஷேர் ஆட்டோவில் போகும்போது யார் தலையில் இடி விழப் போகிறது, அம்மாவா அத்தையா என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இருவரும் எனக்கு வேண்டும். நைனா சின்னப் புள்ளி வைத்தது போல் முளைத்த தலையைத் தடவிக்கொண்டே வந்தார்.

பிரமாணம் பண்ணுகிறவர்கள் தலை நனைத்துவிட்டு ஈரத்தோடு சன்னிதிக்குப் போக வேண்டும். அம்மா குளத்துப் படியில் நின்று சொம்பால் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். பிறகு சேலையைப் பிழிந்து கட்டப் பெண்கள் துணி மாற்றும் அறைக்குள் போனோம். ஈரச் சேலை கனம், ஒரு பக்கம் பிடிக்க ஆள் வேண்டும். எனக்கு எட்டவில்லை. அத்தைதான் முந்தானையைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அம்மாவின் தொப்புளை ஒட்டி ஒன்று, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓரிரண்டு. பென்சிலால் கிறுக்கியது போல் கருஞ்சிவப்புக் கோடுகள். அவ்வளவுதான். அத்தை குனிந்து ஒன்றை விரலால் தொட்டாள்.

"இம்மாத்தூண்டுதானா?"

"அவ்ளோதான் அண்ணி."

"கட்டிய எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

"பை?"

"பை கீது அண்ணி. நல்லா கீதுன்னு சொன்னாங்க."

அத்தை முந்தானையை என் தோளில் போட்டுவிட்டுத் தன் புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தளர்த்தினாள். தொப்புளுக்குக் கீழே நேராக இறங்கிய ஒரு நீண்ட தழும்பு. இரண்டு பக்கமும் தையல் போட்ட தடம். அத்தைக்கு அப்படி ஒன்று இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எனுக்கும் கட்டிதாம்மா. இதே கட்டி. பைய எடுத்தாதான் உசுருன்னாங்க. இப்டியும் பண்ணலாம்னு அப்போ யாரும் சொல்லலியே. எனுக்கு இருவத்திரண்டு வயசு."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தமாக, குழந்தை மாதிரி. அம்மா ஈரத்தோடு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஈரச் சேலையைத் தாங்கிக்கொண்டு நின்ற எனக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது, அத்தை தோற்றுவிட்டாள். ஊரெல்லாம் கூட்டிப் பந்தயம் கட்டித் தோற்றால் யாருக்குத்தான் அழுகை வராது? எனக்கும் பாவமாக இருந்தது.

"அழுவாத அத்த. நீதான் ஜெயிச்சேன்னு ஊர்ல சொல்லிடறேன்."

இருவரும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்கள். பிறகு அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. துணி மாற்ற வந்த மற்ற பெண்கள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள்.

அன்று பிரமாணம் பண்ணியது அம்மா இல்லை, அத்தை. இனிமேல் தனக்குத் தெரிந்த எந்தப் பெண்ணையும் வேறு வழி உண்டா என்று கேட்காமல் பையை எடுக்க விடமாட்டேன் என்று சன்னிதியில் உரக்கச் சொன்னாள். பெரிய வழக்கை எதிர்பார்த்திருந்த அர்ச்சகர் ஒரு கணம் விழித்துவிட்டுத் தீபாராதனை காட்டினார். சொன்ன சொல்லை அத்தை காப்பாற்றினாள். வெதுருகுப்பத்திலிருந்து திருப்பதிக்குப் பெண்களைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றுவதே அவளுக்கு வேலையாகிவிட்டது. வரமாட்டேன் என்றவர்களைத் திட்டியே ஏற்றினாள். அதற்கப்புறம் ஒன்றரை இரண்டு வருடம் கழித்து என் தங்கை பிறந்தபோது, வார்டு வாசலில் அவளை முதலில் வாங்கியது அத்தைதான். நைனா கை நீட்டியும் வெகு நேரம் கொடுக்கவில்லை.

அந்த அறையில் அத்தை சொன்னதை நான் நன்றாகத்தான் கேட்டேன். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இருபத்திரண்டு என்பது பெரிய வயது. பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்து முடித்தவர்களின் வயது. அது எவ்வளவு சின்ன வயது என்பது எனக்கு இருபத்திரண்டு ஆனபோதுதான் தெரிந்தது.