சீல் சார் எடுத்த மூன்று மாதிரிகள்

நகராட்சி உணவு ஆய்வாளருக்கு ஊரார் வைத்த பெயர் சீல் சார். எந்தச் சமையலறையையும் அவர் முதல் தடவையிலேயே தேற விட்டதில்லை. குறையே இல்லாத கடை அகப்பட்டால், 'குறை இல்லாதது சந்தேகத்துக்கு இடமளிக்கிறது' என்று எழுதிவிட்டு வருவார். அப்பேர்ப்பட்ட நேர்மை!

அவருடைய மகள் ஆறு மாதமாக ஆட்டுப்பாலைக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து திரித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டுச் சீஸ் செய்துகொண்டிருந்தாள். வங்கி வேலையை விட்டுவிட்டுச் சீஸ் கடை போட ஆசை. திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுத்தாக வேண்டும். அதற்குள் அப்பா வாயால் 'நல்லா இருக்கு' என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று தவித்தாள், பாவம்.

ஞாயிறு மதியம் கத்தரிக்காயை நீளமாகச் சீவி வாட்டி, நடுவில் சீஸை வைத்துச் சுருட்டி, தக்காளிச் சாற்றில் வேகவைத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

சீல் சார் உட்காரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். தட்டின் அடியைத் தடவிப் பார்த்தார்.

"இது வீடுங்க, ஹோட்டல் இல்ல" என்றாள் மனைவி.

"சட்டப்படி மூணு மாதிரி எடுக்கணும். ஒண்ணு ஆய்வகத்துக்கு, ஒண்ணு கோப்புக்கு, ஒண்ணு எனக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஆய்வகம் ஏது, கோப்பு ஏது? மூன்று மாதிரியும் அவர் வாய்க்குள்ளேயே போயின. இரண்டாவதில் கண் தானாக மூடிக்கொண்டது. மூன்றாவதில் விரலையும் நக்கினார்.

"எப்படிப்பா இருக்கு?"

அவருக்குத் தொண்டை வரை வந்தது அந்த வார்த்தை. ஆனால் பழக்கம் விடுமா?

"கரண்டிப் பிடி கொஞ்சம் லூசா இருக்கு. நீ தலையில துணி கட்டல. அடுத்த மாசம் மறு ஆய்வு வச்சுக்கலாம்."

மகள் முகம் விழுந்துவிட்டது.

"கடை உங்க வட்டாரத்துல இல்லப்பா. ஆத்துக்கு அந்தப் பக்கம் பார்த்துட்டேன். அங்க வேற ஆய்வாளர்" என்று சொல்லிவிட்டு, கடிதம் எழுத அறைக்குள் போய்விட்டாள்.

சீல் சாருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. எத்தனையோ பேர் அவருக்குப் பயந்து கடையை மாற்றியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் பெருமையாக இருந்தது. இன்று வலித்தது. காலித் தட்டைப் பார்த்துக்கொண்டே மனைவியிடம் முணுமுணுத்தார்.

"உண்மையிலேயே ரொம்ப நல்லா இருந்துச்சுடி."

அவள் தட்டை எடுத்தாள்.

"இருபத்தெட்டு வருஷமா உங்களுக்கு ஆக்கிப் போடறேன். இந்த வார்த்தை உங்களுக்குத் தெரியும்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."