விக்டோரியா அக்காவின் விசில்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பெனிக்குள் போன எந்தக் கொம்பனும் விக்டோரியா அக்காவின் விசிலுக்குக் கை விரிக்காமல் வெளியே வந்ததில்லை. ஷிப்ட் முடிந்ததும் கேட்டில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அக்கா விசில் அடித்தால் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து நிற்க வேண்டும். பெண்களைச் சோதிப்பது அக்கா, ஆண்களுக்கு வேறு செக்யூரிட்டி. விசில் மட்டும் எல்லோருக்கும் அக்காவுடையதுதான். ஒரு நட்டு, ஒரு போல்ட் வெளியே போகக் கூடாதாம்! நான் பேக்கிங் செக்‌ஷன். என் இடுப்புச் சாவிக்கொத்தைத் தினமும் பார்த்தும், "இன்னாடி செண்பகம் இது?" என்று தினமும் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவின் அம்மா ஏரிப் பாசனத்தில் நடவு நட்டவர். அந்த நிலத்தில்தான் இப்போது கம்பெனி நிற்கிறது. "எங்கம்மா குனிஞ்ச எடத்துல நான் நிமுந்து நின்னு விசில் ஊதிக்கினு கீறேன்" என்று அக்கா சிரிப்பார். நிலம் போனதற்கு அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஏரிக்கு ஒன்று என்றால்தான் குரல் ஏறும்.

போன ஐப்பசியில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது. ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கல் பக்கத்துக் கால்வாயைக் குப்பை அடைத்திருந்ததால், அக்கா வீட்டில் கட்டில் மிதந்தது. அது போதாதென்று, ஊர்க் குப்பை முழுவதையும் ஏரிக்கரையிலேயே கொட்ட ஏற்பாடு செய்தார் பஞ்சாயத்துத் தலைவர் ஆதிகேசவன். கிராம சபையில் அக்கா எழுந்துவிட்டார்.

"இன்னா தலைவரே, இப்பல்லாம் மழை சொல்லிக்கினா வருது? ஏரி வாங்காத தண்ணிய ஊடுதான் வாங்கணும். அங்கயே குப்பையைக் கொட்டினா நாங்க எங்க போறது?"

ஆதிகேசவன் கெட்டவர் இல்லை. தலைவர் ஆவதற்கு முன் எங்கள் கம்பெனியில் வேலை பார்த்தவர். அக்காவின் விசிலுக்கு வருஷக்கணக்கில் கை விரித்தவர். அந்த உரிமையில் கேலி பேசினார்.

"யக்கா, உனுக்கு மட்டும்தான் பேஜாரா கீது. ஊருக்கே ஏரி வேணும்னா, மதகுலேர்ந்து கலங்கல் வரிக்கும் கை கோத்து நின்னு காட்டுங்க. அன்னிக்கே வேற எடம் பாக்கறேன். நடுவுல ஒரு ஆள் எடம் காலியா கீதுன்னாலும் லாரி வந்துடும்."

"எல்லாரும் கேட்டுக்கினீங்களா?" என்றார் அக்கா, சபையைத் திரும்பிப் பார்த்து.

அன்றிலிருந்து கேட்டில் சோதனை முடிந்த ஒவ்வொருத்தியிடமும், "ஞாயித்துக்கெழம ஏரிக்கரைக்கு வந்துடு" என்று சொல்லி அனுப்பினார். பிளெக்ஸ் பேனர் வைக்கலாம் என்றவர்களுக்கு, "அதுவே நாளைக்கிக் குப்பை" என்று திட்டு விழுந்தது. கழித்துப்போட்ட அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, "ஏரியைக் காப்போம்", "மழையைத் தேக்குவோம்" என்று நாங்களே எழுதினோம். பாதி அட்டைகளில் "உடையும் பொருள்" என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. அதுவும் ஏரிக்குப் பொருத்தம்தான் என்று விட்டுவிட்டோம்.

ஞாயிறு காலை சர்ச் முடிந்த கூட்டம், அம்மன் கோயில் தெருக் கூட்டம், ஷெட்டில் தங்கி வேலை பார்க்கும் பீகார், ஒடிசாப் பையன்கள் எல்லோரும் வந்தார்கள். எந்தத் தெருவானாலும் பெரும்பாலும் எங்கள் கம்பெனி ஆட்கள்தான். வந்து என்ன செய்ய? மதகுப் பக்கம் நிழலில் அப்பிக்கொண்டு நின்றார்கள். கை கோக்கச் சொன்னால் இவன் அவனைப் பார்க்கிறான், அவள் இவளைப் பார்க்கிறாள். யார் கையை யார் பிடிப்பது என்று ஆயிரம் யோசனை! கரையில் பாதிக்கு மேல் வெறிச்சோடிக் கிடந்தது. அக்கா தொண்டை வறளக் கெஞ்சிப் பார்த்தார். ஆதிகேசவன் வண்டியைக் கலங்கல் ஓரம் நிறுத்திவிட்டுக் கைகட்டி நின்றார்.

"இன்னாக்கா, பாதிக் கரை கூட வரலியே?"

அக்காவின் கண் கலங்கியது. அந்த முகத்தை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நொடி அக்காவுக்குக் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஒரே ஊது ஊதினார்.

அத்தனை பேரும் கையை விரித்தார்கள்! தமிழே தெரியாத பையன்களும் விரித்தார்கள். ஒருத்தன் ஐடி கார்டைக்கூட வெளியே எடுத்துவிட்டான். விரித்த கை பக்கத்து ஆளை இடித்தது, இடிபட்டவர் நகர்ந்தார், வரிசை கரையில் ஊர ஆரம்பித்தது. எல்லோருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"மடக்கினா திங்கக்கெழம பாத்துக்கறேன்! அப்படியே பக்கத்துக் கையப் புடி!" என்று ஊதிக்கொண்டே கரை நெடுக ஓடினார் அக்கா. கோயில் தெருவும் சர்ச்சும் பீகாரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டன. வரிசையின் கடைசி ஆள் நான். அக்கா முன்னால் ஓடி, கலங்கல் கல்லில் ஒரு கையை ஊன்றி, மறு கையை என் பக்கம் நீட்டினார். எட்டவில்லை. எனக்குப் பின்னால் எல்லோருடைய கையும் இழுபட்டு விறைத்திருந்தது. இனி நகர முடியாது. வேறு ஆளும் இல்லை. சரியாக ஒரு ஆள் இடம்.

அந்த இடத்துக்கு நேர் எதிரே ஆதிகேசவன் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா உதட்டில் கவ்வியிருந்த விசிலை அவர் முகத்தைப் பார்த்து ஊதினார். பழைய பழக்கம் விடுமா? தலைவரின் கைகள் தானாக விரிந்தன. "புடிடீ செண்பகம்!" என்று அக்கா கத்த, இரண்டு பேரும் எட்டி ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை உள்ளே இழுத்தோம். மதகு வரை விசிலும் சிரிப்புமாக ஒரே கூச்சல்.

"யக்கா, இது அழுகுணி ஆட்டம்!"

"நடுவுல ஒரு ஆள் எடம் கூட காலியா இருக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கைய எறக்கலாமா?"

"லாரிக்காரனுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டு எறக்கு."

போன் எடுக்க வசதியாக நான் பிடித்திருந்த அவர் கையை விட்டேன். அக்கா தன் பக்கத்துக் கையை, அவர் பேசி முடிக்கும்வரை விடவே இல்லை.