பிளேடு சாரின் ஒற்றைக் கத்தி

மாடி வீட்டுக்காரருக்குத் தெருவில் பிளேடு சார் என்று பெயர். கத்திகள் மேல் அவருக்கு இருந்த பித்து ஒரு காரணம். அவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்பவர் கழுத்தை அறுத்துவிட்டுத்தான் ஓய்வார் என்பது இன்னொரு காரணம். வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். பிரேமுக்குள் லென்ஸைப் பொருத்தும் மேசை அவருடையது. லென்ஸின் ஓரத்தைச் சக்கரத்தில் தேய்ப்பார், கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். வீட்டுக்கு வந்ததும் அதே கட்டைவிரல் கத்திகளைத் தடவும்.

"கூர் இருக்கான்னு பார்க்க விரலைக் குறுக்க வைக்கணும் தம்பி. நெடுக்க இழுத்தீங்கன்னா தையல் போட ஆள் தேடணும்." கீழ் வீட்டுக்கு நான் குடிவந்த அன்று, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் நின்றுகொண்டிருந்தபோது அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

அவர் மனைவி மழலையர் பள்ளியில் ஆசிரியை. நான் அக்கா என்று கூப்பிடுவேன். முனை மழுங்கிய கத்தரிக்கோலைக்கூட எண்ணி வாங்கி உள்ளே வைத்துப் பழகியவர்.

"ஒரு வீட்டுக்கு ஒரு கத்தி போதாதாங்க?"

"உனக்கு ஒரு புடவை போதுமா?"

"புடவையைக் கட்டிக்கிட்டு வெளிய போகலாம். இதைக் கட்டிக்கிட்டு எங்க போவீங்க, சண்டைக்கா?"

அதனால் புதுக் கத்தி வாங்கினால் நேராக வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. மடக்குக் கத்தியைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடிவிடுவார். கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர் பையில் கண்ணாடிக் கூடு இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? கூட்டை வீட்டில் எங்காவது செருகிவிடுவார். மாவு டின்னுக்குப் பின்னால், பாட்டு நின்றுபோன ரேடியோவுக்குள், தான் போடாத ஷூவுக்குள். சில மாதங்கள் அங்கேயே கிடந்து அது பழசாகும். பிறகு ஒருநாள் சாவகாசமாக வெளியே எடுத்து வெங்காயம் நறுக்குவார். அக்கா கண்ணை உருட்டினால், "இதுவா? இது எவ்வளவு நாளா நம்ம வீட்ல இருக்கு! நீ கவனிக்கவே இல்லையா?"

"எனக்குத்தான் ஞாபகமறதி வந்துடுச்சோன்னு டாக்டர்கிட்ட போறதா இருந்தேன் தம்பி" என்று அக்கா ஒருமுறை என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்த வீட்டில் அப்போதெல்லாம் கத்தி என்பது சிரிக்கிற விஷயமாக இருந்தது.

அக்காவுக்கு ஒரே தம்பி. டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுத்த வாத்தியார். அக்காதான் தூக்கி வளர்த்தவர். மெலிந்த, மரியாதையான, ஓரக்கண்ணால் கிண்டல் செய்கிற மனிதர். அவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தார். பிறகு சாப்பாட்டை. பிறகு வேலைக்குப் போவதை நிறுத்தினார். ஒருநாள் தன் உயிரையே விடப் பார்த்தார். தங்கியிருந்த விடுதியில் பக்கத்து அறைக்காரர் சத்தம் கேட்டு ஓடியதால் பிழைத்தார். மருத்துவமனையிலிருந்து அவரை எங்கே அனுப்புவது என்ற பேச்சு வந்தபோது அக்கா யோசிக்கவே இல்லை, தன் வீட்டுக்குத்தான் என்றார்.

மனநல டாக்டரம்மா கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "மாத்திரை உங்க கையில இருக்கணும். கத்தி, பிளேடு எதுவும் அவர் கைக்கு எட்டற இடத்துல இருக்கக்கூடாது. எப்பவும் இல்ல, கொஞ்ச நாளைக்கு. அந்த நேரத்தைத் தாண்டிட்டா தாண்டினதுதான்."

வீடு திரும்பியதும் பிளேடு சார் தன் கத்திகளையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் எடுத்துப் போட்டாராம்.

மறுநாள் காலை அவர் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்றார். "தம்பி, இதெல்லாம் உங்க வீட்ல இருக்கட்டும். பூட்டி வைங்க." சமையலுக்கென்று ஒரு கத்தி மட்டும் தேவை. அதுவும் என் சமையலறையில்தான் இருக்கும். அக்கா தினமும் கீழே வந்து காய் நறுக்கிக்கொண்டு போவார். அந்த ஒன்று எது?

என் கட்டிலில் செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் பரப்பினார். மரப்பிடி, கொம்புப்பிடி, பித்தளை வளையம் போட்டது, கருப்பேறிய இரும்பு. ஒவ்வொன்றாக எடுத்தார், வைத்தார். "இது பழத்துக்கு. காய்க்கு வராது... இது வரும், ஆனா துருப்பிடிக்கும், உடனே துடைக்கணும்... இது..."

"ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. பொண்ணு பார்க்கவா வந்திருக்கீங்க?" என்றார் கூடவே வந்திருந்த அக்கா. அவர் பதில் சொல்வதற்குள் குவியலின் ஓரத்தில் கிடந்த கருப்பு பிளாஸ்டிக் பிடிக் கத்தியை எடுத்துக்கொண்டார். மிக்சி வாங்கியபோது இலவசமாக வந்தது.

"அதுவா?" பிளேடு சாரின் குரல் கீழே இறங்கிவிட்டது. "அது கத்தியே இல்லம்மா."

"அதனாலதான்."

வாத்தியார் வந்தார். வரவேற்பறைச் சுவரில் கத்திகள் மாட்டியிருந்த பலகையில் வெறும் ஆணிகள் நின்றன. அதைப் பார்த்து, "என்ன மாமா, வீடு பல்லு போன மாதிரி இருக்கு" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர்தான் மெல்லச் சிரித்துவிட்டு, தனக்கென்று ஒதுக்கிய அறைக்குள் போனார். அந்த அறைக்குத் தாழ்ப்பாள் கழற்றப்பட்டிருந்தது.

காலையில் அக்கா பள்ளிக்குப் போனால் பிளேடு சார் வீட்டில் இருப்பார். மதியம் அக்கா திரும்பியதும் அவர் கடைக்குப் போவார். எனக்கு அச்சகத்தில் மாலை ஷிப்ட். மூவரில் யாராவது ஒருவர் வாத்தியாரின் பக்கத்திலேயே இருந்தோம். அவர் என் கவிதைப் புத்தகம் ஒன்றை வாங்கிப் புரட்டுவார். "ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் இருக்கு. மிச்ச இடம் எதுக்குத் தம்பி, ரஃப் ஒர்க் பண்ணவா?" என்பார். அதைக் கேட்டால் அவர் தேறிவருகிறார் என்றே தோன்றும். அப்படித் தோன்றுவதுதான் பயமாக இருந்தது.

ஒரு நாள் மாலை கடையில் ஒரு வாடிக்கையாளருக்குப் புதுக் கண்ணாடியைக் கூட்டுக்குள் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் பிளேடு சார். கூடு அரக்கு நிறம். உள்ளே வெல்வெட். மூடியை அழுத்தினார். 'டப்' என்ற சத்தம் கேட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. இதேபோல ஒரு கூடு. இதேபோல ஒரு சத்தம். போன வருஷம் வாங்கிய கொம்புப்பிடி மடக்குக் கத்தி. வீட்டுக்குக் கொண்டுபோன அன்று விருந்தாளிகள் வந்திருந்தார்கள், அவசரமாக எங்கேயோ செருகினார். எங்கே? நினைவில் விருந்தாளிகளின் முகம் வந்தது, அவர்கள் கேட்ட கேள்விகள் வந்தன, இடம் வரவில்லை. அது தகரப் பெட்டியில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அன்றே வீட்டுக்கு ஓடி அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஒளித்துப் பழகிய வாய் அது. தானே தேடி எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியவேண்டாம் என்று நினைத்துவிட்டார். அன்று இரவு வெக்கையாக இருக்கிறது என்று சொல்லி வாத்தியாரின் அறை வாசலில் குறுக்கே பாய் விரித்துப் படுத்தாராம். உள்ளே புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் பயம். கேட்காவிட்டால் அதைவிடப் பயம்.

மறுநாள் அக்கா பள்ளிக்குக் கிளம்பியதும் என் கதவைத் தட்டினார். முகத்தில் ரத்தமே இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"மாப்ளையைக் கொஞ்சம் டீ குடிக்கக் கூட்டிட்டுப் போங்க தம்பி. மெதுவா வாங்க. ஆனா கையை விட்டுடாதீங்க. இல்ல, பிடிச்சுக்கவும் வேணாம். அதாவது..."

"புரியுது சார்."

டீக்கடையில் வாத்தியார் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. வெயிலைப் பற்றிச் சொன்னேன். பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன்.

"தம்பி, நீங்க இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லையே" என்றார். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "என்னை வெளிய அனுப்பிட்டு மாமா என்ன தேடறார்?"

"தெரியலையே சார்."

"உங்களுக்குப் பொய் வரல. விட்டுடுங்க."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. இன்னொரு டீ சொன்னார், குடிக்காமல் ஆறவிட்டார். திரும்பும்போது சாலையைக் கடக்கையில் நான் அவருடைய சட்டை நுனியைப் பிடித்திருந்தேன் என்பதை மறுபக்கம் போனபிறகுதான் கவனித்தேன். அவர் முன்பே கவனித்திருந்தார்.

மாடிக்குப் போனால் வீடு தலைகீழாகக் கிடந்தது. பரணிலிருந்து இறக்கிய மூட்டைகள், கவிழ்த்த டின்கள், தரையெல்லாம் வாயைப் பிளந்த காலிக் கண்ணாடிக் கூடுகள். நடுவில் அக்கா. பள்ளியில் அன்று சீக்கிரம் விட்டிருந்தார்கள். தோள்பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். பிளேடு சார் சுவரோடு ஒட்டி நின்றார். சொல்லிவிட்டிருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது.

அக்கா திட்டவில்லை. "எனக்குத் தெரியாம இன்னும் எத்தனை இருக்கு?" என்று மட்டும் கேட்டார். ரகசியம் கேட்பதுபோல அவ்வளவு மெதுவாக.

"ஒண்ணுதான். சத்தியமா ஒண்ணுதான்மா."

வாத்தியார் எங்கள் எல்லோரையும் பார்த்தார், தரையைப் பார்த்தார், தன் அறைக்குள் நடந்தார். அக்கா எழப்போனார். அவருக்கு முன்னால் பிளேடு சார் போய்விட்டார். நான் போவதா நிற்பதா என்று தெரியாமல் வாசல்படியிலேயே நின்றேன்.

"மாப்ள." பிளேடு சார் கட்டிலருகே போய் நின்றார். "இந்த வீட்ல ஒரு கத்தி இருக்கு. நான்தான் ஒளிச்சு வெச்சேன். எங்கன்னு மறந்துட்டேன். உன்கிட்ட சொல்லலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல. பயமா இருக்குடா. நீ எங்கயாவது பார்த்தியா?"

அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் நகங்கள் வெளுத்திருந்தன.

"பார்த்தேன் மாமா."

"எங்க?"

"இந்த அலமாரியில, அகராதிக்குப் பின்னாடி இருந்தது. வந்த ரெண்டாவது நாளே பார்த்தேன். இப்ப என் தலைகாணி உறைக்குள்ள இருக்கு."

அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது.

"குடுத்தா அக்கா உங்களைத் தொலைச்சுக் கட்டிடுவாளேன்னு குடுக்கல" என்றார் வாத்தியார். கொஞ்சம் நிறுத்தினார். "அது ஒரு காரணம். அது மட்டும் இல்ல. தினமும் மூடியைத் திறந்து பார்ப்பேன். மூடிடுவேன். தூக்கிப் போடவும் முடியல. இருக்குதுன்னு தெரிஞ்சாதான் தூக்கம் வருது. இதை யார்கிட்ட எப்படிச் சொல்றது மாமா?"

பிளேடு சார் கையை நீட்டவில்லை. பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். "என்கிட்ட சொல்லிட்டியேடா" என்றார். "நீயே எடுத்துக் குடு. நான் பிடுங்க மாட்டேன்."

உறைக்குள் கை போனது. அந்தச் சில நொடிகள் நாங்கள் யாரும் மூச்சுவிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அரக்கு நிறக் கூடு வெளியே வந்தது. வாத்தியார் அதை மாமாவின் மடியில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அந்தக் கையின் மேல் பிளேடு சார் தன் கையை வைத்தார். பிறகு அக்கா வந்து தம்பியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலையே மூவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். கிளம்பும்போது படியில் வாத்தியார் நின்று, "மாமா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இன்னும் ஏதாவது இருக்கா?" என்றார்.

சற்றுமுன் சத்தியம் செய்த மனிதர் வாயைத் திறந்தார். மூடினார். "தெரியலடா மாப்ள" என்றார்.

மருந்து மாற்றினார்கள். வாராவாரம் வரச் சொன்னார்கள். திரும்பி வந்ததும் மூவரும் சேர்ந்து வீட்டைத் தேடினார்கள். பரணில் ஏறியது வாத்தியார்தான். ஒவ்வொரு கூட்டையும் திறந்து காட்டிவிட்டுக் கீழே போட்டாராம். வேறொன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதற்கு இல்லை என்று அர்த்தமில்லை, அதுதான் பிளேடு சாரை இப்போது தின்கிறது.

தகரப் பெட்டி கடை முதலாளியின் இரும்பு அலமாரிக்குப் போய்விட்டது. பெட்டிச் சாவி அக்காவிடம். ஒரே ஒரு கத்தியோடு அவரால் இருக்க முடியுமா என்று தெருவில் கேலியாகக் கேட்கிறார்கள். இருக்கிறார். கருப்புப் பிளாஸ்டிக் பிடியை என் சமையலறையில் கையில் எடுப்பார். கட்டைவிரலைக் குறுக்கே வைத்துப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுவார். ஆனால் தன்னையே அவர் நம்புவதில்லை. கடையிலிருந்து வந்ததும் மாடிப்படியில் கால் வைக்காமல் முதலில் என் வாசலுக்கு வருவார். எனக்கு ஷிப்ட் இல்லாத நாட்களில் இது வழக்கமாகிவிட்டது.

"பையைப் பாருங்க தம்பி."

"எதுக்கு சார்?"

"பாருங்க. எனக்கே தெரியாம நான் எதையாவது வாங்கியிருப்பேன்."

பையைப் பார்ப்பேன். சாப்பாட்டு டப்பா, துடைக்கும் துணி, ஒன்றிரண்டு கூடுகள். ஒவ்வொன்றையும் திறப்பேன், காலி. அவர் தலையைத் தூக்கி மேலே பார்ப்பார்.

"மேல நடமாட்டம் இருந்துதா?"

"இப்பதான் நாற்காலி இழுக்கற சத்தம் கேட்டுது சார்."

"நாற்காலியா? எதுக்கு நாற்காலி?" என்று கேட்டுக்கொண்டே, பையை என்னிடமே விட்டுவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறுவார். நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கதவு திறக்கும். அக்காவின் குரல் வரும். அதற்குப் பின்னால், கொஞ்சம் தாமதமாக, வாத்தியாரின் குரல்: "பல்பு மாத்தறேன் மாமா. நீங்களே வந்து பிடிச்சுக்குங்க."