எழிலரசன் கேட்ட பூட்டு

விராலிமலையில் மோட்டார் காயில் கட்டும் எழிலரசனுக்கு முப்பத்திரண்டு வயது. போனை எடுத்தால் மூன்று வார்த்தைக்கு மேல் வராது. நேரிலும் அப்படித்தான். ஆனால் மாடி அறையில், தனி ஆட்கள் கம்பியில்லாமல் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவின் மைக்கைப் பிடித்துவிட்டால் ஆளை நிறுத்த முடியாது. பரீட்சை எழுதி, அரசாங்க லைசென்ஸ் வாங்கிப் பேசுகிற பேச்சு அல்லவா!

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாவட்டத்து ஹாம்கள் முப்பது பேர் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். யார் வேண்டுமானாலும் கேட்கலாம்; சங்கேதமாகப் பேசக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தோடுதான் எழிலரசன் நான்கு மாதமாக மல்லுக்கட்டினான். பேச்சைப் பூட்டி அனுப்பவும், வேண்டியவர் மட்டும் திறந்து கேட்கவும் அனுமதி வேண்டுமாம். புயலில் போன் படுத்துப்போய் ஹாம்களே செய்தி அனுப்பும் நேரத்தில் நோயாளியின் பெயரையும் நோயையும் ஊரறியச் சொல்வது முறையா என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டவன் மனசில் நோயாளி யாரும் இல்லை. கந்தர்வக்கோட்டை கார்த்திகா இருந்தாள்.

கார்த்திகா பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். இரண்டு வருடமாக ரேடியோவில் பழக்கம். அவளைக் கட்டிக்கொள்ள இவனுக்குக் கொள்ளை ஆசை. மைக்கில் மட்டும்தான் பேச்சு வரும், மைக்கில் கேட்டால் ஊரே கேட்கும். மனுஷன் பாவம், வேறு என்ன செய்வான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்த்திகாவே அவனுக்குப் பதில் சொல்ல வந்தாள். போன புயலில் ஒருவர் இன்சுலின் கேட்டுக் கூப்பிட்டபோது, அவர் யாரைக் கூப்பிட்டாரோ அந்த ஆளுக்கு அது எட்டவில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்த வேறொருவர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றாள். பிறகு நேராகவே கேட்டுவிட்டாள்.

“எழிலரசன், நெசமா யாருகிட்டங்க ஒங்களுக்கு ரகசியம் பேசணும்? ஓவர்.”

பெயரைச் சொல்லி ஓவர் விட்டால் அந்த ஆள்தான் பேச வேண்டும், மற்றவர்கள் குறுக்கே வரமாட்டார்கள். முப்பது பேரும் காத்திருந்தார்கள். எழிலரசன் மைக்கை அழுத்தினான்.

“ஒங்ககிட்டதாங்க. என்னையக் கட்டிக்கிறீங்களான்னு கேக்கணும். ஓவர்.”

மைக்கை விட்டதும் செத்தோம் என்று நினைத்தான்.

“இதப் பூட்டி வச்சுக் கேட்டிருந்தா, நாளைக்கு நீங்க, ‘நான் கேக்கவே இல்லை’ன்னு சொல்லிறலாம். இப்ப முப்பது பேரு சாட்சி. எனக்குச் சம்மதங்க. வீட்டுக்கு வந்து பேசுங்க. ஓவர்.”

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மைக்கை அழுத்தி வாழ்த்தியதில் ஸ்பீக்கர் கீச்சிட்டது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எழிலரசனுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.